டால்பின் அட்டைகள்

4 பிப்ரவரி 1992

தம்பிக்கு,

பதினாலு மாதம் கழித்து எழுதுகிறேன். சமாதானம் பேச வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளாதே. இது அலுவலக வேலை.

எங்கள் அகராதி ‘ட’ வரிசைக்கு வந்துவிட்டது. தமிழ்ச் சொல் எதுவும் ட-வில் தொடங்காது என்று பள்ளிக்கூடத்தில் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தார்களே, அந்த ட-தான். இப்போது வந்து பார். டம்ளர், டவுன், டாக்டர், டிக்கெட் என்று ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு நிற்கின்றன. அதில் ‘டால்பின்’ என் மேசைக்கு வந்தது. “ஓங்கில்னு ஒரு நல்ல சொல் இருக்கும்போது இதை எதுக்கும்மா உள்ள விடணும்?” என்று எங்கள் ஆசிரியர் மல்லுக்கு நின்றார். “ஓங்கில்னு சொல்ற ஆள் ஒருத்தரை இந்தத் தெருவுல காட்டுங்க சார்” என்றேன் நான். கடலோரத்தில் சொல்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. மற்ற எல்லார் வாயிலும் டால்பின்தான். கடைசியில் இறங்கி வந்தார். ஓங்கிலுக்குக் கீழே முழுப் பொருள், டால்பினுக்கு உதாரண வாக்கியங்கள் மட்டும். ஆனால் அந்த வாக்கியங்கள் பத்திரிகையிலிருந்து எடுத்ததாக இருக்கக்கூடாது, டால்பினோடு தினமும் புழங்குகிறவர்களிடம் வாங்கு என்று சொல்லிவிட்டார். அப்படிப்பட்ட ஆள் எனக்குத் தெரிந்து நீ ஒருவன்தான். என் தலையெழுத்து.

பன்னிரண்டு வெற்று அட்டைகளுக்கு எண் போட்டு இணைத்திருக்கிறேன். ஒரு அட்டைக்கு ஒரு வாக்கியம். ‘டால்பின்’ கட்டாயம் வரவேண்டும். அதன் கீழே தேதி, இடம், சொன்னவர் யார், எழுதியவரின் கையெழுத்து. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அட்டை செல்லாது. கோழிக் கிறுக்கல் வேண்டாம்.

அப்பா நன்றாக இருக்கிறார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. நீ விட்டுப்போன சட்டைகளைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறார்.

அக்கா

20 பிப்ரவரி 1992

அக்காவுக்கு,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவசர அவசரமாகப் பிரித்தேன். உள்ளே பார்த்தால் பன்னிரண்டு வெள்ளை அட்டை! உன்னைத் திருத்த பிரம்மா வந்தாலும் ஆகாது.

பஸ் நிலையத்தில் நீ சொன்னது எனக்கு இன்னும் காதில்தான் இருக்கிறது. “போறதுன்னா போ. திரும்பி வந்து என் வாசல்ல நிக்காத.” நிற்க மாட்டேன், பயப்படாதே. உன் அகராதி அச்சாகிற அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலைக்கு வா வா என்று நீ இழுத்தபோது, நாலு சுவருக்குள் அடைந்து கிடக்க என்னால் ஆகாது என்று சொன்னேன் இல்லையா. சரி, அந்தப் பேச்சு இப்போது எதற்கு.

கடல் தாண்டி வந்து செய்கிற வேலை இதுதான். பெரிய ஓட்டலுக்குப் பின்னால் ஒரு குளம், அதைச் சுற்றி உயரமான சுவர். நான் வந்தபோது மூன்று டால்பின்கள் இருந்தன. இப்போது ஒன்று. சீமாட்டி என்று கூப்பிடுகிறேன், நடை அப்படி. விடிந்ததும் ஐஸாக இறுகிக்கிடக்கும் மீனை வாளியில் போட்டு இளக்குவேன். ஒவ்வொரு மீனின் செவுளுக்குள்ளும் வைட்டமின் மாத்திரையைச் செருகுவேன். ஒரு நாளைக்கு நான்கு காட்சி. வயிறு நிறைந்தால் குதிக்காது என்று கடைசிக் காட்சிவரை அரை வயிற்றுக்குத்தான் போடச் சொல்லியிருக்கிறார்கள். கழுத்தில் விசில் ஒன்று தொங்குகிறது. அதை ஊதினால் எங்கிருந்தாலும் என் காலடிக்கு வந்துவிடும்.

எங்கள் மேலாளர் நம் தமிழை நன்றாகவே படிப்பார். இங்கிருந்து போகிற ஒவ்வொரு கடிதத்தையும் அவர்தான் முதலில் படிப்பார். வருகிறதையும்தான். இதையும் படிப்பார். உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். அகராதி என்றதும் மனிதருக்கு ஒரே பூரிப்பு. “நம்ம குளத்துப் பேரு புஸ்தகத்துல வருமா?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். அட்டைகளை எத்தனை வேண்டுமானாலும் அனுப்பிக்கொள் என்று தாராளமாகச் சொல்லிவிட்டார். நான்கு எழுதியிருக்கிறேன். பொறுமையாகப் படி.

தம்பி

அட்டை 1. டால்பின் தண்ணீர் குடிப்பதில்லை. தின்கிற மீனிலிருந்தே அதற்கு வேண்டியது கிடைத்துவிடும்.

அட்டை 2. “டால்பின் மீன் இப்போது வளையத்துக்குள் பாயும், எல்லாரும் கைதட்டுங்க!” (சொன்னவர்: ஒலிபெருக்கிக்காரர்.)

அட்டை 3. டால்பின் வந்த அன்றே அதன் காகிதங்களை வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள், என் பாஸ்போர்ட்டையும் சேர்த்து.

அட்டை 4. டால்பின் குளத்துக்கும் தெருவுக்கும் நடுவே ஒரே ஒரு கதவு.

5 மார்ச் 1992

தம்பிக்கு,

அட்டைகள் வந்தன. எழுத்து திருந்தியிருக்கிறது. கடிதத்தைப் படித்துப் பார்த்து அனுப்பும் மேலாளர் கிடைத்தது உன் அதிர்ஷ்டம். இங்கே ஒரு மேலாளருக்கும் ஒற்று எங்கே மிகும் என்று தெரியாது.

முதல் அட்டை அருமை, அப்படியே போகிறது. இரண்டாவதைப் படித்து ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். குட்டி போட்டுப் பால் கொடுக்கிற பிராணியை மீன் என்பதா என்று. ஊர் அப்படித்தான் சொல்கிறது, நாம் என்ன செய்ய என்று ஏற்கவைத்தேன்.

மூன்றாவதில் ‘என் பாஸ்போர்ட்டையும் சேர்த்து’ என்பது வாலாட்டிக்கொண்டு நிற்கிறது. சிவப்பு மையில் அடித்துவிட்டேன். ‘நான்’, ‘என்’ எதுவும் உதாரண வாக்கியத்தில் வரக்கூடாது. அகராதி உன் சுயசரிதை இல்லை. நான்காவது வாக்கியமாகவே இல்லை. கதவு இருக்கிறது, சரி. கதவு எங்கேதான் இல்லை? அதற்கு என்ன ஆயிற்று என்று சொன்னால்தானே முடியும். தள்ளுபடி.

அப்பாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்தார்கள். நன்றாக இருக்கிறார். கட்டுப் பிரித்ததும் முதலில் கேட்டது உன் போட்டோவை. நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

அக்கா

19 மார்ச் 1992

அக்காவுக்கு,

அப்பாவின் கண் பற்றி எல்லாம் முடிந்த பிறகா சொல்வாய்? நல்ல ஆள் நீ.

அட்டைகளைப் பற்றி நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கதவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாய். முடித்து எழுதியிருக்கிறேன். ‘நான்’ இல்லாமல் எழுதப் பார்த்தேன், ஒன்றில் வந்துவிட்டது. மன்னித்துக்கொள்.

சீமாட்டி ஒரு வாரமாகச் சுவரை ஒட்டியே வட்டமடிக்கிறது, எப்போதும் ஒரே பக்கமாக. நானும் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே சுற்றுகிறேன். யார் யாரைப் பழக்குகிறார்கள் என்று தெரியவில்லை.

மேலாளர் வணக்கம் சொல்கிறார்.

தம்பி

அட்டை 5. டால்பின் குளத்துக் கதவின் சாவி எப்போதும் மேலாளர் இடுப்பில்தான்; குளத்து ஆட்கள் கடைசியாகத் தெருவைப் பார்த்தது ஆகஸ்டில்.

அட்டை 6. டால்பினுக்கு ஒப்பந்தம் கிடையாது. எனக்கு ஒரு வருடம் என்று சொன்னார்கள், அது முடிந்து மூன்று மாதம் ஆகிறது.

அட்டை 7. குளோரின் அதிகமான நாளில் டால்பின் கண்ணை மூடிக்கொண்டே நீந்தும்; வெளியே விடு என்று அதனால் சொல்ல முடியாது.

3 ஏப்ரல் 1992

தம்பிக்கு,

என்ன விளையாட்டு இது? ஏழு அட்டையில் ஐந்து உருப்படவில்லை. டால்பினைப் பற்றி எழுதச் சொன்னால் சாவியைப் பற்றி எழுதுகிறாய், ஒப்பந்தத்தைப் பற்றி எழுதுகிறாய். தலைச்சொல் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறது. ஆசிரியரிடம் நீட்டினேன், “உங்க தம்பிக்கு இலக்கியம் வருதும்மா” என்று சிரித்தார். எனக்குத்தான் மானம் போயிற்று.

தள்ளுபடி ஆனதை நாங்கள் தூக்கிப்போடுவதில்லை, பயப்படாதே. செருப்புப் பெட்டி ஒன்றில் தேதிவாரியாகக் கிடக்கும். தட்டச்சு அம்மா நேரம் கிடைக்கும்போது அவற்றுக்கும் படி எடுப்பார். இந்த அலுவலகத்தில் எந்தத் துண்டுச் சீட்டும் சாகாது.

உனக்கு அங்கே பிடிக்கவில்லை என்று மட்டும் தெரிகிறது. பிடிக்கவில்லை என்றால் வந்துவிட வேண்டியதுதானே? யார் உன்னைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள்? அந்த ஒரு வாக்கியத்தை நேராக எழுத உனக்கு வீம்பு. அப்பாவின் வீம்பு அப்படியே வந்திருக்கிறது.

மீதி ஐந்து அட்டையாவது ஒழுங்காக இருக்கட்டும்.

அக்கா

17 ஏப்ரல் 1992

அக்காவுக்கு,

மீதி ஐந்தும் இருக்கிறது. இதற்கு மேல் என்னிடம் அட்டை இல்லை. நீ திருத்தியது போதும் என்று நினைக்கிறேன்.

தம்பி

அட்டை 8. படகு கட்டுவதற்குக் கடலில் அறைந்த கம்பக் கூட்டத்தையும் இங்கே டால்பின் என்கிறார்கள். ஜூன் பத்தாம் தேதி அதில் ஒரு பெரிய படகு வந்து நிற்கும்.

அட்டை 9. அந்தப் படகில் டால்பினை ஏற்றி வேறொரு குளத்துக்குக் கொண்டுபோகிறார்கள். டால்பினோடு அதற்கு மீன் போடுகிற ஆளையும்.

அட்டை 10. டால்பினை எந்த ஊருக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டதற்கு, “உனக்கெதுக்கு அது?” என்றார்கள்.

அட்டை 11. டால்பினை யாரும் கட்டிப்போடுவதில்லை, சுவர் போதும்.

அட்டை 12. ஒரு டால்பின் கூப்பிட்டால் எவ்வளவு தூரத்திலும் இன்னொரு டால்பினுக்குக் கேட்கும் என்கிறார்கள். அக்காவுக்குக் கேட்குமா தெரியவில்லை.

30 ஏப்ரல் 1992

தம்பிக்கு,

பன்னிரண்டு அட்டையும் வந்து சேர்ந்தது. எல்லாவற்றையும் செருப்புப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை வரிசையாக, இப்போதுதான் ஒரே மூச்சில் படித்தேன்.

என் வேலையில் பெரிய தவறு நடந்துவிட்டது. மூன்றாம் அட்டையில் நான் சிவப்பு மையில் அடித்தேனே, அந்தச் சொற்கள் கட்டாயம் தேவை. வெளியிலிருந்து ஒருவர் வந்து அட்டைகளைப் பார்வையிட்டார். இந்த மாதிரி விஷயங்களில் அவர் சொல்வதுதான் முடிவு. “முக்கியமான வரியையே அடிச்சு வெச்சிருக்கீங்களேம்மா. அடிச்ச அட்டை செல்லாது” என்று சொல்லிவிட்டார். ஆறாவது வாக்கியமும் முடியாமல் பாதியில் நிற்கிறது. ஆகவே மூன்றாவதையும் ஆறாவதையும் மறுபடி முழுதாக எழுதி, புதுத் தேதி, இடம், கையெழுத்தோடு அனுப்பு. இரண்டு வெற்று அட்டை இணைத்திருக்கிறேன். மே இருபத்தைந்துக்குள் என் கைக்குக் கிடைத்தால்தான் வேலை நடக்கும். பிந்தினால் ஜூன் பத்துக்குள் முடிக்க முடியாது.

‘நான்’, ‘என்’ தாராளமாக வரலாம். விதியை மாற்றியாகிவிட்டது.

மேலாளருக்கு என் வணக்கம். குளத்தின் பெயரோடு அவர் பெயரும் கட்டாயம் பதிவாகும் என்று சொல். எழுத்து மாறிவிடக்கூடாது, அவரையே தெளிவாக எழுதித் தரச் சொல்.

பன்னிரண்டாம் அட்டையில் ஒரு சந்தேகம் எழுப்பியிருந்தாய். சரிபார்த்துவிட்டேன். கேட்கும்.

அக்கா

12 மே 1992

அக்காவுக்கு,

கேட்டபடி இரண்டு அட்டை. மேலாளர் தன் பெயர், பதவி, குளத்தின் முழு முகவரி எல்லாம் தன் கையாலேயே எழுதித் தந்திருக்கிறார், அதுவும் உள்ளே இருக்கிறது. தபால்தலையும் அவரே ஒட்டினார்.

அப்பா என் நீலச் சட்டையைப் போட்டால் காலர் பொத்தானைப் பார்க்கச் சொல். அது முன்னமே தளர்ந்திருந்தது.

தம்பி

அட்டை 13. டால்பின் வந்த அன்றே அதன் காகிதங்களை வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள், என் பாஸ்போர்ட்டையும் சேர்த்து.

அட்டை 14. டால்பினுக்கு ஒப்பந்தம் கிடையாது. என் ஒப்பந்தம் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது, போகிறேன் என்றேன், விடவில்லை.

1 ஜூன் 1992

என் தம்பிக்கு,

இது தபாலில் வரவில்லை. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கான அலுவலகத்தின் பையில் வருகிறது. அங்கே இருக்கிற நம் நாட்டு அதிகாரி குளத்துக்கு வந்து உன் கையிலேயே தருவார். இதை உன் மேலாளர் படிக்க மாட்டார். அதனால் இனிமேலாவது மனுஷியைப் போல எழுதுகிறேன்.

நான் கண்டுபிடிக்கவில்லைடா. அதைத்தான் முதலில் சொல்லவேண்டும். தட்டச்சு அம்மாதான். செருப்புப் பெட்டியிலிருந்த அட்டைகளை வரிசையாகத் தட்டிக்கொண்டு வந்தவர், பன்னிரண்டாவதில் கையை எடுத்துவிட்டார். “ஏம்மா, இது அகராதிக்கு எழுதினதா, உனக்கு எழுதினதா?” என்றார். பத்து வருஷமாக ஊரார் வாக்கியங்களைப் பிரித்து மேய்கிறவள். நீ கழுத்தளவு தண்ணீரில் நின்று கத்துகிறாய், நான் கரையில் நின்றுகொண்டு வால் அதிகம், தலைச்சொல் ஓரமாக நிற்கிறது என்று சிவப்பு மையைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். “யார் உன்னைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள்” என்று எழுதிய இந்தக் கையை என்ன செய்வது.

அன்றே அட்டைகளோடு அந்த அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே தினமும் நூறு பேர் அழுதுகொண்டு வருகிறார்கள், கையில் ஒரு காகிதம் இருக்காது. என் அட்டைகளைப் பார்த்து அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “தேதி இருக்கு, இடம் இருக்கு, யார் சொன்னதுன்னு இருக்கு, கையெழுத்தும் இருக்கு. இவ்வளவு சுத்தமா யாரும் புகார் கொண்டாந்ததில்லம்மா” என்றார். மூன்றாம் அட்டை வந்ததும் முகம் மாறிவிட்டது. பாஸ்போர்ட் என்ற சொல் அதில் மட்டும்தான். அதன் மேலே என் கோடு. “இதை அனுப்பினா, எழுதினவரே அடிச்சுட்டார்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.” நான்தான் அடித்தேன் என்று சொன்னேன். அவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். அதன் பிறகு உன் பதின்மூன்றாம் அட்டை வரும்வரை இருபத்தைந்து நாள் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதே. அப்பாவிடம் சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்துவிட்டார். என் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தால் போதும் அவருக்கு.

பஸ் நிலையத்தில் சொன்னதை அடித்துவிட்டேன். சிவப்பு மையில், கெட்டியாக. வாசலில் வந்து நில்.

அக்கா

9 ஜூன் 1992

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்துவிடுவேன். இருந்தாலும் எழுதுகிறேன். யாரும் படித்துப் பார்க்காமல் ஒரு கடிதம் எழுதினால் எப்படி இருக்கும் என்று பார்க்கவேண்டும்போல இருந்தது. இங்கே நம் நாட்டு அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பாஸ்போர்ட் சட்டைப் பையில். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறேன்.

மேலாளரைப் பற்றி நீ கேட்டே ஆகவேண்டும். முதல் தடவை அட்டைகளில் இரண்டைப் படித்துவிட்டுக் கொட்டாவி விட்டார். அதற்கப்புறம் கடிதத்தைத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார், அட்டைகளைப் புரட்டக்கூட மாட்டார். பதின்மூன்றாவதை எழுதும்போது மட்டும் எட்டிப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது. “இதே வாக்கியத்தை முன்னாடியே எழுதினியேப்பா? உங்கக்கா ஏன் இப்படிப் பாடாப் படுத்தறாங்க?” என்று பரிதாபப்பட்டுத் தன் பேனாவைத் தந்தார். பாஸ்போர்ட்டை வாங்கி வைப்பது அவருக்குத் தப்பாகவே படவில்லை, அதுதான் விஷயம். இன்று காலை அதிகாரி அவர் கையெழுத்தையே அவர் முன்னால் விரித்தபோது, “இது அகராதிக்குக் குடுத்ததாச்சே!” என்றார். அதிகாரி சிரிக்கவில்லை. இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

சீமாட்டியையும் விடச் சொல்லிக் கேட்டேன். அதையும் கேட்டுப் பாருங்கள் சார் என்று காலில் விழாத குறை. அதிகாரி உத்தரவை என்னிடமே காட்டினார். “இதுல ஆள் பேரு மட்டும்தான் இருக்கு தம்பி.” நாளைக்குப் படகு வருகிறது. நான் இல்லாமல் அது போகும். போகிற இடத்தில் யார் மாத்திரையைச் செவுளுக்குள் வைப்பார்கள், யார் வெளியே தெரிகிற மாதிரி வைத்து, அது துப்பிவிட ஏமாறுவார்கள், எனக்குத் தெரியாது. விசிலைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். நான் ஊதக்கூட இல்லை. வாளிச் சத்தத்துக்கே வந்துவிடும் அது.

எனக்குச் சந்தோஷம்தான், அக்கா. கதவு திறந்தபோது தெருவில் ஒரு சைக்கிள் போனது. அதைப் பார்த்து நின்றுவிட்டேன். ஆனால் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அப்பாவிடம் நீலச் சட்டையை அவரே வைத்துக்கொள்ளச் சொல். வாசலில் நிற்கிறேன், கதவை நீ திற.

அட்டை தீர்ந்துவிட்டது. பெஞ்சில் கிடந்த ஒரு படிவத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். தேதி, இடம், கையெழுத்து எல்லாம் இருக்கிறது.

தம்பி

அட்டை 15. டால்பின் தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. கதவுக்கு வெளியே நான் நின்றேன்.

இதில் ‘நான்’ வருகிறது. அடித்துவிடாதே, அக்கா.